விசாரிக்க ஒரு சித்தப்பா!

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மாப்பிள்ளையிடம் பேர் கேட்கலாம், ஊர் கேட்கலாம், படிப்பு கேட்கலாம். கைக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை இடத்தில் கடன் என்று முகத்துக்கு நேரே கேட்க முடியுமோ? அதனால்தான் ஒவ்வொரு குடும்பத்திலும் விசாரிப்பதற்கென்றே ஒரு சித்தப்பா இருக்கிறார்.

ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியிலும் அந்தச் சித்தப்பா உண்டு. பேர் ரிஃப்ளெக்‌ஷன். 1997-ல் ஜாவா 1.1-வுடன் வந்து சேர்ந்தார்.

(ஜாவா தெரிந்த புண்ணியவான்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம்.) கிளாஸ் என்பது அச்சடித்த ஃபாரம் மாதிரி. பூர்த்தி செய்தால் கிடைப்பது ஆப்ஜெக்ட். ஃபாரத்தில் உள்ள கட்டங்கள்தான் ஃபீல்டுகள். 'மாப்பிள்ளை' என்று ஒரு கிளாஸ் எழுதினால், பெயரும் படிப்பும் பப்ளிக். சம்பளமும் கடனும் பிரைவேட். பிரைவேட் ஃபீல்டை அந்த கிளாஸுக்கு வெளியே இருந்து தொட்டால் கம்பைலர் விடாது.

சித்தப்பா கம்பைலரிடம் போவதே இல்லை. புரோகிராம் ஓட ஆரம்பித்த பிறகுதான் வருகிறார்! 'கெட்ஃபீல்ட்ஸ்' என்று கேட்டால் பப்ளிக் சமாசாரம் மட்டும் கிடைக்கும். கம்பெனிகள் பேப்பரில் போடுகிற பாலன்ஸ் ஷீட் மாதிரி. (பி.காம். புத்தி போகாது!) 'கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ்' என்றால் பிரைவேட் உள்பட எல்லாக் கட்டங்களும் வந்து விழும். எந்த வரிசையில் விழும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. உள்ளே இருக்கும் தொகையைப் படிக்க 'செட்அக்ஸஸிபிள்' என்று இன்னொரு வரி. பீரோ சாவி!

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பையனை விசாரித்தால் பையன் பேரில் உள்ள கடன்தான் தெரியும். அப்பா வாங்கிய கடன்? கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ் அதைச் சொல்லாது. 'கெட்சூப்பர்கிளாஸ்' என்று அப்பா வீட்டுக்குப் போய் அங்கே ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு தாத்தா வீடு. இப்படியே 'ஆப்ஜெக்ட்' என்ற மூலபுருஷர் வரை ஏற வேண்டும்.

சித்தப்பா நல்ல காரியமும் செய்கிறார். ஹைபர்னேட், ஜிஸான் போன்ற மென்பொருள்கள் நம் கிளாஸை முன்பின் பார்த்தவை அல்ல. ஆனாலும் ஃபீல்டுகளைப் படித்து டேட்டாபேஸுக்கோ ஜேஸான் வடிவத்துக்கோ மாற்றித் தருவது இவர் தயவில்தான்.

விஷமத்துக்கும் குறைவில்லை. -128 முதல் 127 வரையுள்ள இன்டிஜர் ஆப்ஜெக்டுகளை ஜாவா ரெடிமேடாக வைத்திருக்கிறது. 4 என்ற ஆப்ஜெக்டின் பிரைவேட் ஃபீல்டைத் திறந்து உள்ளே 5 என்று எழுதிவிட்டு, 2+2-ஐ பிரிண்ட்எஃப் செய்து பாருங்கள். 5 வரும்! எந்த ஆடிட்டர் ஐயா கையெழுத்துப் போடுவார்? 2017-ல் ஜாவா 9 இதற்குப் பூட்டு மாட்டியது. ஆனால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. 2021-ல் ஜாவா 16 நிஜமாகவே பூட்டியது. சாவி வேண்டுமென்றால் இனி புரோகிராமைக் கிளப்பும்போதே எழுதிக் கேட்க வேண்டும்.

பூட்டியது ஜாவாவின் சொந்த வீட்டைத்தான். உங்கள் ஆபீஸ் சம்பள புரோகிராமின் கிளாஸ்கள் பெரும்பாலும் இன்னும் திறந்த வீடுதான். அப்பாச்சியின் 'ரிஃப்ளெக்‌ஷன்டுஸ்ட்ரிங்பில்டர்' ஒரே வரியில் ஆப்ஜெக்டின் அத்தனை ஃபீல்டையும் எழுதிக் கொடுக்கும். அப்பா வீடு, தாத்தா வீடு எல்லாம் தானே ஏறிவிடும். பிழை தேட சௌகரியம் என்று அதை லாகில் போடுகிறார்கள். 'பாஸ்வேர்டு' என்று ஒரு ஃபீல்டு இருந்தால் அதுவும் லாகில் போய் உட்காரும், பிரைவேட் என்று எத்தனை தடவை எழுதியிருந்தாலும். லாகைப் படிக்க ஆபீஸில் எத்தனை பேருக்கு அனுமதி என்று யோசித்தீர்களா?

அந்த ஃபீல்டை 'டிரான்ஸியன்ட்' என்று குறித்தால் அது கண்டுகொள்ளாமல் போகும். ஆனால் ஹைபர்னேட்டும் கண்டுகொள்ளாது, டேட்டாபேஸில் சேமிக்காது! அதைவிட, லாகுக்கு வேண்டிய மூன்று ஃபீல்டுகளை மட்டும் கையால் எழுதி ஒரு டுஸ்ட்ரிங் போடலாம். நாலு வரி வேலை, டீ ஆறுவதற்குள் முடியும்.