மலையகமும் சட்டக் கல்வியும்

இலங்கையில் சட்டம் பயிலும் மாணவர் அரசியலமைப்புப் பாடத்தில் தவறாது சந்திக்கும் வழக்குகளுள் ஒன்று, கோடாக்கன் பிள்ளை என்பவரின் பெயரால் வழங்குவது. 1953ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில், அதாவது கோமறைக் கழகம், அதற்கு இறுதித் தீர்ப்பு அளித்தது. பாடநூலில் அது சில பக்கங்களில் முடிந்துவிடும். ஒரு சட்டத்தின் உண்மையான பொருள் யாது, அதனை நீதிமன்றம் எவ்வாறு கண்டறிவது என்னும் வினாவுக்கு விடையாக மாணவர் அதனைப் படித்துத் தேர்விலும் எழுதிவிடுவர். அத்தீர்ப்பினால் வாக்குரிமையை மீளப் பெறாது போனவர்கள் யாவர், அவர்கள் என்ன தொழில் செய்து எங்கே வாழ்ந்தனர், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்று அதே பாடத்தைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றிருக்கின்றனர் என்பன தேர்வில் வாரா. சட்டக் கல்வியைப் பற்றிச் சிந்திப்போர்க்கு இந்த வாரா வினாக்களே முதன்மையானவை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றது அத்தேர்தலில்தான். தோட்டத் தொழிலாளர் இட்ட வாக்கே அவர்களை அனுப்பிற்று. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனைப் படித்துப் பார்ப்பவர் வியப்படைவர். தமிழர் என்றோ, இந்தியர் என்றோ, தோட்டத் தொழிலாளர் என்றோ யாரையும் அது விலக்கவில்லை. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாதற்கு அவருடைய தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். இதைக் காட்டிலும் பொதுவான விதி வேறு உண்டோ என்று தோன்றும். ஆயின் கண்டிக் கிராமத்து விவசாயியிடம் அவர்தம் பாட்டனார் எங்கே பிறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர் லயத்தில் வாழ்ந்தவரே. அவர்களிடமோ காட்டுதற்கு ஏடு இல்லை. மதுரையில் கண்ணகி வழக்குரைத்தபோது அவள் கையில் மற்றைச் சிலம்பாவது இருந்தது.

1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. ஒன்று, குறித்த காலம் தொடர்ந்து வசித்தமையை நிறுவுவோர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெறலாம் என்றது. சுமார் 8 இலட்சம் பேர் அதன்கீழ் விண்ணப்பத்தில் அடங்கினர். பெற்றவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. மற்றையது, பிரசைகளே வாக்காளராகலாம் என்று விதித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. தொண்டமான் மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாராளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையில்தான் கோடாக்கன் பிள்ளை, ருவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். இடாப்புத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவர் பக்கமே முடிவு செய்தார். ஒரு சமூகத்தார் மீது மட்டும், பிறர்க்கு இல்லாத தடையைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அப்பிரிவுக்கு இச்சட்டங்கள் மாறானவை என்பது அவர் கருத்து. 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. இலண்டனில் செய்த மேன்முறையீடும் தோல்வியுற்றது. ஒரு நாடு தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது இயல்பே என்றும், இந்தியத் தமிழர் வந்தும் போயும் வாழும் பழக்கமுடையார் என்றும், அப்பழக்கம் பிரசையாதற்குரிய தகுதியோடு தொடர்புடையதேயன்றிச் சமூகம் என்ற வகையில் அவர்களைப் பாதிப்பதன்று என்றும் பிரிவிக் கவுன்சில் கருதிற்று.

‘வந்தும் போயும் வாழும் பழக்கம்’ என்னும் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். கோப்பிக் காலத்திற்கு அச்சொல் பொருந்தும். கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களிலேயே பறிக்கப்படுவது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோர், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிலே மாண்டோரும் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் வந்த தேயிலையின் இயல்பு முற்றிலும் வேறு. கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஏழு பத்து நாளுக்கு ஒருமுறை அதே செடியிடம் அதே கைகள் திரும்பி வரவேண்டும். கொழுந்து பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். கவ்வாத்து வெட்டவும் முள்ளுக் குத்தவும் ஆண்கள் வேண்டும். ஆதலின் குடும்பங்கள் வேண்டும். குடும்பங்கள் வந்தன, லயங்களில் தங்கின, அங்கேயே பெற்றன, அங்கேயே புதைத்தன. 1928இல் அறிக்கை தந்த டொனமூர் ஆணைக்குழுவே, இம்மக்களுட் கணிசமான பகுதியினர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதை ஒப்புக்கொண்டது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. 1948இல் பெரட்டுக் களத்தில் நின்ற இளைஞருட் பலர் இராமநாதபுரத்தையோ திருச்சிராப்பள்ளியையோ கண்டதே இல்லை.

கோப்பிக்குரிய பழக்கத்தைத் தேயிலைக்கு ஏற்றிச் சொன்னது அத்தீர்ப்பு. பெரிய அறிஞரும் வழுவக்கூடிய இடம் இது. அட்டனிலோ மஸ்கெலியாவிலோ தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது வழு எனக் காட்ட நூல் வேண்டுவதில்லை. தாயின் வேலைநாட்களே அதற்குச் சான்று. அப்பிள்ளை சட்ட வகுப்பில் அமர்ந்திருந்தால், ஆசிரியர் அவ்வரியை வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு எளிதிற் செல்ல இயலாது. பல சமூகத்து மாணவரும் ஒரே வகுப்பிற் கலந்து பயிலுதல் வேண்டும் என்பதன் பொருள் இதுவே. அது ஒரு சமூகத்துக்குக் காட்டும் சலுகையன்று. சட்டத்தின் கண்ணுக்கு எட்டாததை எட்டச் செய்யும் முறை.

அமெரிக்காவில் இக்கருத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கூறியிருக்கின்றது. 1946இல் ஹீமன் சுவெட் என்னும் கறுப்பின அஞ்சல் ஊழியர் டெக்சாசுப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் கேட்டார். இனத்தைக் காட்டி அவரை மறுத்த மாநிலம், வழக்கு வந்தவுடன் கறுப்பினத்தார்க்கெனத் தனிச் சட்டப் பள்ளி ஒன்றை அவசரமாக அமைத்தது. 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதிகள் நூல்களையும் ஆசிரியரையும் எண்ணிப் பார்த்ததோடு நில்லாமல், மேலும் ஒன்று சொன்னார்கள். அத்தனிப் பள்ளியில் மாநில மக்களுள் நூற்றுக்கு 85 பங்கினர்க்கு இடமில்லை. நாளை அவர் எதிர்கொள்ளவிருக்கும் வழக்கறிஞரும் சாட்சிகளும் நீதிபதிகளும் பெரும்பாலும் அப்பங்கினரே. அவர்களை விட்டு ஒதுங்கிப் படிப்பது சட்டப் படிப்பாகாது. இதைத் திருப்பிப் பார்ப்பினும் உண்மையே. தோட்டத்தாரை ஒருபோதும் அருகில் காணாது படித்த ஒருவர் நுவரெலியாவில் நீதவானாக அமர்ந்தால், அவர் படிப்பிலும் அதே குறை உண்டு. சுவெட்டின் பிற்கதையையும் மறத்தலாகாது. சேர்க்கை பெற்ற அவர், உடல்நலம் குன்றிப் பட்டம் பெறாமலே விலகினார். வாயிலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்போர்க்கு அது நல்ல நினைவூட்டு.

மலைநாட்டில் சட்டம் முதன்முதல் தொழிலாளிக்கு அறிமுகமானது தண்டனையாகவே. 1865ஆம் ஆண்டு வேலை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டவர் சிறை செல்ல வேண்டும். கடன் தீர்ந்தது என்று துரை எழுதித் தரும் ‘துண்டு’ இன்றி ஒருவர் வேறு தோட்டம் போக முடியாது. சர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோரின் முயற்சியால் 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்து, உரிமை யாது, விதி யாது என்பதைத் துண்டுப் பிரசுரங்களாலும் மேடையாலும் விளக்கினார். மலையகம் பெற்ற முதற் சட்டக் கல்வி அது என்றால் மிகையன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானபோது, விசாரணைக் குழுவின் முன் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். இவர்களெல்லாரும் நன்றியோடு நினைக்கத்தக்கவர். எனினும் எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அப்புக்காத்துமாரும் பிரக்கிராசிமாரும் குடும்பந்தோறும் தோன்றிய அக்காலத்தில், லயத்திலிருந்து ஒருவர் புதுக்கடைக்குச் சென்று 1874 முதல் நடந்துவரும் சட்டக் கல்லூரியிற் படிப்பதை நினைத்தும் பார்த்தாரில்லை.

நினைக்க இடமும் இல்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகட்கு எழுத்தறிவு தரும் கடமையைத் தோட்ட அதிகாரியின் தலையில் வைத்தது; அவர் நடத்திய பள்ளி பெரும்பாலும் ஒற்றை ஆசிரியரும் ஒரு கொட்டகையும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது, அதன் பயன் தோட்டத்துப் பள்ளியை எட்டவில்லை. அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. ஒரு தலைமுறை என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அது முப்பது ஆண்டு.

இன்று நிலை மாறியிருக்கின்றது. 1964, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் பல இலட்சம் பேர் இந்தியாவுக்குப் பங்கிடப்பட்ட துயரத்திற்குப் பின்னர், எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. தோட்டத்திலிருந்து சட்டத்தரணிகளும் தோன்றியிருக்கின்றனர். ஆனாலும் வழி குறுகியது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டம் என்ற வகையில் நுவரெலியாவுக்கு இடம் ஒதுக்கப்படுகின்றது. அது மாவட்டத்துக்குரிய ஒதுக்கீடேயன்றித் தோட்டத்துக்குரியதன்று. நகரத்துப் பெரிய பாடசாலையும் மலைச்சரிவிலுள்ள தோட்டப் பாடசாலையும் ஒரே நிரலில் நிற்கின்றன. சட்டக் கல்லூரிக்குப் போட்டிப் பரீட்சை. தேறினால் மூன்றாண்டு கொழும்பு வாசம். பின்னர் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி. நாட்கூலியை நம்பிய வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இவற்றுள் எது கடினம் என்று கேட்டால், சட்டம் எளிது, அறை வாடகையே கடினம் என்பது விடையாகலாம்.

மொழியும் ஒரு கதவு. சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு இறுதியில் விதி வெளிவந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. கோடாக்கன் பிள்ளை வழக்கின் தீர்ப்பே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றது. அதை மூலத்தில் வாசிக்கத் தெரியாத சட்டத்தரணி பிறர் தரும் சுருக்கத்தையே நம்ப வேண்டியவர். ஆனால் பள்ளியில் ஆங்கில ஆசிரியரைத் தராத நாடு, கல்லூரி வாயிலில் ஆங்கிலத்தைக் கேட்பதும் 1948இல் பாட்டனாரின் பிறப்பைக் கேட்டது போன்றதே. விதி எல்லார்க்கும் பொது, சுமை சிலர்க்கே.

இத்தகைய பொது விதிகள் பழங்கதை ஆகிவிடவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் தாமாகப் பணி செய்ய முடியாதபடி நின்றது. தோட்டத்தார் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பினர். அவ்வுறுப்பினர் தம் லயத்துப் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தார். 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு அது சட்டப் புத்தகத்தில் அமைதியாகக் கிடந்தது.

நீதிமன்றத்தின் உள்ளேயும் ஒரு காட்சி உண்டு. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். எனினும் மலையகத்து நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்திலேயே நிகழ்வது வழக்கம். தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமை உண்டு. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டபோதிலும், பொலிசு நிலையத்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, அவள் வாசிக்க இயலாத தாளில் அவளே கையொப்பமிடுவது நின்றபாடில்லை. நீதவான் முன் வழக்கு வரும் நாளில், சொன்னது வேறு, எழுதியிருப்பது வேறு என்று அவள் உணர்கின்றாள். அழைப்பாணை கூட வீட்டு இலக்கமற்ற லயத்துக்கு நேரே வருவதில்லை. தோட்ட அலுவலகத்தில் கிடந்து, தவணை கழிந்த பின்னர் கைக்கு வந்ததும் உண்டு. வழக்குக்கு வராதவள் என்று பதிவேட்டில் எழுதப்படும். கொழும்பிலிருந்து வந்த இளஞ்சட்டத்தரணி, அந்தப் பதிவைக் கண்டு, கட்சிக்காரிக்கு வழக்கில் அக்கறையில்லை என்று எண்ணுவார். அதே லயத்தில் பிறந்த சட்டத்தரணியோ, கடிதம் எந்த நாளில் அலுவலகத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்பதையே முதலில் கேட்பார்.