துக்கமா, விசாரணையா?

தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்கு ஆறுதலைவிடக் கேள்விகளே அதிகம் கிடைக்கின்றன. இதை மாற்றப் போராடுகிறார்கள், அந்த வலியைத் தாங்கியவர்கள்.

சாவு வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வதைத் துக்கம் விசாரிப்பது என்பார்கள். சாவு தற்கொலையாக இருந்துவிட்டால் துக்கம் போய் விசாரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் என்ன சண்டை? கடன் எவ்வளவு? முன்னாலேயே தெரியவில்லையா? உறவினர்கள் கேட்கும் முன்பே போலீஸ் இதையெல்லாம் கேட்டு முடித்திருக்கும். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வந்து சேர்வதற்குள் 'மாரடைப்பு என்று சொல்லிவிடலாம்' என்று குடும்பத்தில் யாராவது முடிவு செய்திருப்பார்கள். அந்தப் பொய்யை ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவது மனைவியும் குழந்தைகளும்தான்.

இந்த மௌனத்தை உடைத்தவர் மதுரையைச் சேர்ந்த நந்தினி முரளி. மருத்துவரான அவருடைய கணவர் 2017 ஏப்ரலில் தற்கொலையால் இறந்தார். மறு ஆண்டே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் துணையோடு 'ஸ்பீக்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். 2021இல் தன் அனுபவத்தை 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற ஆங்கில நூலாக எழுதினார். அவருடைய முதல் சண்டை சொற்களோடு. தற்கொலையைக் குற்றம்போலக் காட்டும் பேச்சு மாற வேண்டும், 'தற்கொலையால் இறந்தார்' என்று சொன்னால் போதும் என்கிறார். தமிழில் இது இன்னும் சிக்கல். சொல்லுக்குள்ளேயே 'கொலை' உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் பார்த்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 1994இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான் நிலையை மாற்றியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது அது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309ஆவது பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயன்றால் மட்டுமே குற்றம். ஆனால் இந்த அக்கறை பிழைத்தவரோடு நின்றுவிடுகிறது. இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டம் தருவது மரண விசாரணை மட்டும்தான்.

அந்தக் குடும்பங்கள் எத்தனை? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். மகாராஷ்டிரம் 22,746 பேருடன் முதலிடம். தமிழ்நாடு 19,834 பேருடன் இரண்டாமிடம். ஒரு தற்கொலை சராசரியாக 135 பேரைத் தொடுகிறது என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால் ஒரே ஆண்டில் 2.3 கோடிப் பேர்.

இது வெறும் இரக்கத்துக்கான விஷயம் அல்ல. அன்புக்குரியவரைத் திடீரென இழந்த 3,432 இளம் வயதினரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. நோய் போன்ற இயற்கைக் காரணங்களால் இழந்தவர்களைவிட, தற்கொலையில் இழந்தவர்கள் தாங்களும் அந்த முயற்சியில் இறங்கும் வாய்ப்பு 65 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்த கண்டுபிடிப்பு. ஊரார் தங்களை ஒதுக்குவதாக அவர்கள் உணர்ந்த அவமானத்தையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் வலுவிழந்தது. துக்கத்தைப் போலவே, அதைச் சுற்றிய அவமானமும் ஆபத்து. எஞ்சியவர்களைக் கவனிப்பதே அடுத்த சாவைத் தடுக்கும் வழி என்ற வாதத்துக்கு இதுவே அடிப்படை.

விதர்பாவிலும் மராத்வாடாவிலும் அவமானத்தோடு கடனும் சேர்ந்துகொள்கிறது. தற்கொலையால் இறந்த விவசாயியின் குடும்பத்துக்கு மகாராஷ்டிர அரசு 1 லட்சம் ரூபாய் தருகிறது. அதற்கு நிலம் குடும்பத்தின் பெயரில் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் வாங்கிய கடனாக இருக்க வேண்டும். கந்துவட்டிக்காரரிடம் வாங்கியதற்கு ஏது காகிதம்? மாவட்டக் குழு சாவைச் சீர்தூக்கி 'பாத்ர', 'அபாத்ர' (தகுதி உள்ளது, இல்லாதது) என்று முத்திரை குத்துகிறது. கணவன் எப்படிச் செத்தான் என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மனைவியின் தலையில். நிலப் பட்டாவும் பல சமயம் அவள் பெயருக்கு வருவதில்லை. பெண் விவசாயிகளின் கூட்டமைப்பான மகிளா கிசான் அதிகார் மஞ்ச் இந்த விதவைகளைத் திரட்டி நில உரிமைக்கும் ஓய்வூதியத்துக்கும் குரல் கொடுத்துவருகிறது.

மாணவர்களை இழந்த பெற்றோர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2022இல் மட்டும் இறந்த மாணவர்கள் 13,044 பேர். டெல்லி ஐஐடியில் 2023இல் இறந்த இரு மாணவர்களின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்குப் பதிவு செய்ய உத்தரவிட்டது. உயர்கல்வி நிறுவனங்களில் தற்கொலைகளைத் தடுக்க வழி சொல்லுமாறு முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக் குழுவையும் அமைத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மகளை இழந்த ஒரு தந்தையின் வழக்கில், அதே ஆண்டு ஜூலையில், கல்வி நிலையங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் நாடு முழுவதும் பொருந்தும் நெறிமுறைகள் பிறந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அடுத்தவர் பிள்ளைகளுக்காக வாங்கித் தந்தவை இவை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் வெளியான தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை மரணங்களை 10 சதவிகிதம் குறைப்பது என்று இலக்கு வைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கியது. தமிழிலும் பேசலாம். ஆனால் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் குடும்பம் தானாக எண்ணைத் தேடி அழைக்காது. உதவிதான் அவர்களைத் தேடி வர வேண்டும். இங்கிலாந்தில் தற்கொலையில் உறவை இழந்தவர்களுக்கென்றே 'உதவி அருகில்' என்று பொருள்படும் இலவசக் கையேடு உண்டு. பல இடங்களில் போலீசாரே அதைக் குடும்பத்தின் கையில் கொடுக்கிறார்கள். இந்தியாவில் நாடு தழுவி அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பிணவறை வாசலில் கொடுக்கப்படும் காகிதம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விசாரணைக்கு வரும் காவலருக்குக் கனிவாகப் பேசக் கொஞ்சம் பயிற்சி. மருத்துவமனையில் உதவி எண்கள் அச்சிட்ட ஒரு அட்டை. ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தை எட்டிப் பார்க்கச் சுகாதாரப் பணியாளர் ஒருவர். அதே இழப்பைச் சந்தித்தவர்கள் கூடிப் பேச மாவட்டத்துக்கு ஒரு குழு. இவற்றில் தொடங்கலாம்.

மீதி, துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் கையில். 'ஏன் இப்படிச் செய்தார்?' என்ற கேள்விக்குப் பல நேரம் அந்த வீட்டிலேயே பதில் இருக்காது. இறந்தவரைப் பெயர் சொல்லி நினைவுகூரலாம். பதினாறாம் நாளுக்குப் பிறகும் ஒரு நடை போய் வரலாம். 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்கலாம். அதற்குப் பெயர்தான் துக்கம் விசாரிப்பது.

(மனச்சுமை தாங்காதபோது பேச: டெலி மானஸ் - 14416, 24 மணி நேரமும், சென்னை சினேகா - 044-24640050.)