கரிசல் காட்டில் விரியன் கடி: உறையாத இரத்தமே எமன்

மணியாச்சி, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் களை எடுக்கும்போதும், உளுந்துச் செடி பிடுங்கும்போதும், சோளத்தட்டைப் படப்பில் கை விடும்போதும் பாம்பு தீண்டுவதுண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வு ஒன்று கணித்துள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராம மக்களே.

நல்ல பாம்பு, கட்டு விரியன் இவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் நஞ்சு இரத்தத்தைக் கெடுக்கும். சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. உருவம் சிறிதென்று அசட்டையாக இருத்தல் கூடாது.

இரத்தம் கெடுவது எப்படி?

காயம்பட்டால் இரத்தம் உறைவதற்கு அதிலுள்ள சில புரதங்களே காரணம். விரியன் நஞ்சு இவற்றை உடல் முழுவதும் வீணே தூண்டிச் செலவழித்து விடுகிறது. பிறகு உறைவதற்குச் சரக்கு இல்லை. கடிவாய், பல் ஈறு, மூக்கு ஆகியவற்றில் இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடி விரியன் நஞ்சு சிறுநீரகத்தையும் பழுதாக்கும். இவ்வறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு.

இருபது நிமிடச் சோதனை

ஆஸ்பத்திரியில் 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கையில் உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியுள்ளது என அறியலாம். உடனே நஞ்சு முறிவு மருந்தை நரம்பு வழியாகச் செலுத்துவர். 6 மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்து, தேவையானால் மறுபடியும் மருந்து கொடுப்பர். ஆகவே, ஆள் தெம்பாக இருக்கிறார் என்று டாக்டர் சொல்லுமுன் வீட்டுக்கு அழைத்து வருதல் கூடாது.

இம்மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும். எனவே பாம்பைத் தேடி அடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டவும். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றவும். 108 வண்டியை அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும். அங்கு மருந்து இலவசம்.

கயிற்றால் இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை கட்டுவது அறவே கூடாது. உறையாத இரத்தத்தில் கீறல் போட்டால் பெருக்கு நிற்காது.

வருமுன் காக்க

இரவில் டார்ச் விளக்கு இல்லாமல் காட்டுக்குப் போகக்கூடாது. படப்பு, விறகுக் குவியலைக் கம்பால் தட்டிய பிறகே கை வைக்கவும். காலுக்கு பூட்ஸ் அணிதல் நலம். தானியத்தை மூடி வைத்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.