முழங்காலுக்கும் எட்டாத தண்ணீர்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தரைப்பாலத்திலோ ரயில்வே சுரங்கப்பாதையிலோ வண்டியோடு சிக்கி ஒருவர் இறந்த செய்தி வரும்போதெல்லாம், "தெரிந்தே போய் விழுந்தவருக்கு எதற்கு நிவாரணம்?" என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். மழை வருவதற்குள் இதைப் பேசிவிட வேண்டும்.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி அதில் வந்த ஒருவர் இறந்தார். ஊர்மக்கள் அவரைத் திட்டவில்லை. அந்தப் பாதையை எதிர்த்து மறியல் செய்தார்கள். அந்தத் தண்ணீரைத் தினம் பார்த்தவர்கள் அவர்கள்.

காரில் இருப்பவருக்கு உண்மையில் என்ன தெரிகிறது? சிறிய கார் ஒன்றின் எடை சுமார் 850 கிலோ. அதன் அடித்தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய 17 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும், சுமார் 5 சதுர மீட்டர் அடிப்பரப்பில் 500 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தூக்குகிறது. கணக்குப் போட்டால் சுமார் 34 செ.மீ. ஆழத்தில் முழு எடையும் தண்ணீரின் கைக்குப் போய்விடுகிறது. அது முழங்காலுக்கும் எட்டாத தண்ணீர். டயரின் பிடி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். எஞ்சின் பாரம் முன்னால் இருப்பதால் பின்பக்கம்தான் முதலில் எழும்பும். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அது உடனே உறைக்காது. பக்கவாட்டில் நீரோட்டமும் இருந்தால் வண்டி சாலையை விட்டே நகர்ந்துவிடும்.

சுரங்கப்பாதை இன்னும் மோசம். நுழையும் இடத்தில் கணுக்கால் அளவு இருக்கும் நீர், சரிவில் இறங்க இறங்க ஆள் உயரம் ஆகிறது. கலங்கல் நீருக்கு மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னால் ஒரு லாரி கடந்து போயிருந்தால், நாமும் போகலாம் என்றுதான் தோன்றும்.

"எச்சரிக்கை விடுத்திருந்தோம்" என்று அதிகாரிகள் சொல்வது பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்குமான வண்ண எச்சரிக்கையை. ஆரஞ்சு என்றால் மிகக் கனமழை பெய்யலாம் என்று பொருள். அந்தச் சுரங்கப்பாதையில் இந்த இரவு எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல அளவுகோல் பலகையும் குறுக்கே ஒரு தடுப்பும் வேண்டும். இறந்தவரை நாம் திட்டத் தொடங்கியதும், அந்தத் தடுப்பு இருந்ததா என்று கேட்பவர் இல்லாமல் போகிறார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிவாரணம் உண்டா? மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 4 லட்சம் ரூபாய். மரணத்தின் காரணத்துக்குத்தான் சான்று கேட்கிறார்கள், தவறு யாருடையது என்று விதி கேட்பதில்லை.

எச்சரிக்கையை மீறிப் போனவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கலாமே? அமெரிக்காவின் அரிசோனாவில் 1995 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே தடுப்பு வைக்கப்பட்டிருந்தால்தான் அது செல்லும்.

வெள்ளத்தின் நடுவே செல்ஃபி எடுக்கப் போனவர்? அவர் கண்ணால் பார்த்தே போனவர், கோபம் நியாயம். அவர் வீட்டார் காதுபடக் கேலி பேசுவது நியாயமில்லை.

கார் சிக்கிக்கொண்டால்? சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடி இறங்கும்போதே இறக்கி, அதன் வழியாக உடனே வெளியே வாருங்கள்.