கடைசிப் பொத்தான்

சோமனூர் விசைத்தறியில் கூலி நெய்த மீட்டருக்குத்தான். தறி நின்றால் வருமானமும் நின்றது. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையைத் தெரபிக்காகக் கோவைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகும் தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் போகிறாள். அவளைத் தெய்வம் என்று புகழ்கிறோம். அவள் கேட்பதோ, இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள். அப்படிப் போய்ப் பெறும் தெரபியும் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். பிள்ளை கற்பதில் பெரும்பங்கு வீட்டில் நடக்கிறது. சட்டை மாட்டுவதையே பாருங்கள். மற்ற எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துப் பிள்ளையின் விரலுக்கு விடுங்கள். இழுத்தால் வேலை முடிந்தது. முடித்த சந்தோஷம் பிள்ளைக்கு. சில வாரம் கழித்துக் கடைசி இரண்டு. ஷிப்டுக்கு ஓடும் காலையில் முடியாதுதான், ஞாயிற்றுக்கிழமை போதும்.

எல்லாம் பெற்றோர் தலையில்தானா, அரசு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்று, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி உண்டு. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் உண்டு. கேட்டு வாங்குவது பிச்சையல்ல. "நமக்கப்புறம் இவனை யாருங்க பாப்பாங்க?" என்ற பயத்துக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை ஆட்சியர் தலைமையிலான குழு நியமிக்கும். அம்மா அப்பா திடமாக இருக்கும்போதே அதற்கான மனுவைக் கொடுத்துவிடலாம்.