பேறுகாலத்திற்குப் பின் முடி உதிர்வதேன்?

குழந்தை பிறந்து மூன்று திங்களில் சீப்பு நிறைய முடி உதிர்வதைக் கண்டு கலங்குகின்றீர்களா? அது கண்ணூறும் அன்று. எண்ணெயின் குறையும் அன்று. கருவுற்ற காலத்தில் மிகுந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், உதிர வேண்டிய முடியையும் உதிராமல் காக்கின்றது. மகப்பேற்றுக்குப் பின் அது சட்டெனக் குறைவதால், அம்முடிகள் ஒருசேர உதிர்கின்றன. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் முடி மீண்டும் வளர்ந்துவிடும்.

அதன் பின்னும் உதிர்வு நில்லாவிடினும், மிகுந்த களைப்போ மாதவிடாய்க் கோளாறோ உடன் தோன்றினும் வாளாவிருக்காதீர்கள். தைராய்டு கோளாறோ இரத்தசோகையோ காரணமாகலாம். பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, 2022-இல் திறக்கப்பெற்ற அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ மருத்துவரை அணுகி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

மாமியார்களுக்கும் ஒரு சொல்: பிள்ளை பெற்ற மருமகளுக்கு வேண்டியது பழிச்சொல் அன்று; பத்தியம் என்று சுருக்காத நல்லுணவும் ஓய்வுமே!