வாரிசாக வந்த பணம், வாசலில் நின்ற புலி

வீடு சொத்தாக வந்தால் பூட்டிவைத்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம். உயிரியல் பூங்கா வந்தால் முடியாது. மறுநாள் காலையே சிங்கத்துக்கு இறைச்சி வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டத்துக்கு இது தெரியும். அங்கே உயிரியல் பூங்கா உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனால், அவருடைய சொத்தைக் கவனிப்பவர்களே 3 மாதத்துக்கு உரிமதாரர்களாகக் கருதப்படுவார்கள் என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். உள்ளாட்சி மன்றம் சம்மதித்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

டெவன் மாவட்டத்தின் ஸ்பார்க்வெல் கிராமத்துக்குப் போன பெஞ்சமின் மீயின் குடும்பத்துக்கு அந்த அவகாசம்கூட இல்லை. அப்பா இறந்த பிறகு, 76 வயது அம்மா பெரிய வீட்டை விற்றார். அடுத்த வீடு தேடும்போது கண்ணில் பட்டது, நலிந்து மூடிக்கிடந்த டார்ட்மூர் உயிரியல் பூங்கா. அதை வாங்கி, 2006 அக்டோபரில் அம்மா, சகோதரர், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்று குடும்பமே அங்கே குடியேறியது. சுமார் 200 விலங்குகள். உரிமம் இல்லாததால் டிக்கெட் விற்க முடியாது. வரவு பூஜ்யம், தீனிச் செலவோ தினமும்.

குடியேறிய சில நாட்களிலேயே சாவரின் என்ற ஜாகுவார் தன் கூண்டைவிட்டு வெளியேறி, பக்கத்தில் புலி இருந்த அடைப்புக்குள் புகுந்துவிட்டது. நல்லவேளை, பூங்காவைத் தாண்டுவதற்குள் பிடிபட்டது.

உரிமமும் சுலபமில்லை. விண்ணப்பிக்கப்போகிறோம் என்பதையே 2 மாதம் முன்னதாக மன்றத்துக்குச் சொல்லி, செய்தித்தாளிலும் அறிவிக்க வேண்டும். பிறகு ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். முதல் உரிமம் 4 ஆண்டுக்குத்தான்.

இதற்கிடையே மீயின் மனைவி கேதரினுக்கு மூளைப் புற்றுநோய் திரும்பி வந்தது. 2007 மார்ச்சில் அவர் இறந்தார். ஜூலையில் பூங்கா திறந்தது. இவர்கள் வாழ்க்கையை வைத்து 2011இல் வந்த ஹாலிவுட் படம் கதையைக் கலிபோர்னியாவுக்கு மாற்றியதோடு, பூங்காவை வாங்குவதற்கு முன்பே மனைவி இறந்துவிட்டதாகவும் காட்டியது. அந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளி உள்ளே படுத்திருக்க, வெளியே வேலி வேலை ஓடிக்கொண்டிருந்த மாதங்கள்தான் இந்தக் குடும்பத்தின் உண்மைக் கதை. துக்கத்துக்காக ஒருநாள்கூட அவர்களால் கதவடைக்க முடியவில்லை. கூண்டுக்குள் பசித்த உயிர்கள் இருந்தன.

2014இல் பூங்காவை நடத்தும் பொறுப்பு ஓர் அறக்கட்டளையிடம் போனது.